சாவி கைமாறும் கணம்

வாட்டர் வாஷ் நிலையத்தின் வாசலில் காரின் சாவி கைமாறுகின்ற அந்த ஒரு கணத்தில், பல லட்ச ரூபாய் பெறுமான பிறர் உடைமை, நாள்தோறும் நூறுகளை எண்ணிப் பிழைக்கும் ஒரு சிறு தொழில் நடத்துபவரின் பொறுப்பாகிவிடுகிறது என்பதைக் கொடுப்பவரும் வாங்குபவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது: ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைப் பேணுவதுபோலப் பேணவேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-ஆவது பிரிவில் விதித்திருக்கிறது.

இத்தொழிலுக்கென்று பலரும் எடுக்கும் பொதுப்பொறுப்புக் காப்பீட்டின் நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று. சோப்பு நுரையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்த வாடிக்கையாளருக்கும், பம்பின் குழாய் பிய்த்துக்கொண்டதால் கண்ணாடி உடைந்த பக்கத்துக் கடைக்காரருக்கும் ஈடு செய்யும் பெரும் பாரத்தை அது தாங்குகிறது.

ஆனால், தொழிலின் ஜீவனாகிய கார் மட்டும் அந்தக் குடையின் கீழ் வருவதில்லை. காப்பீடு செய்தவரின் காவலிலும் வசத்திலும் இருக்கும் பிறர் சொத்தை இத்தகைய பத்திரங்கள் பொதுவாக விலக்கிவிடுகின்றன. பாலிஷ் மிஷினைப் பிடித்த பையன், பானட்டின் விளிம்பில் அதை ஒரு விநாடி அதிகமாக அழுத்திவிட்டால், மேற்பூச்சு சூட்டில் கருகி, உள்ளங்கையளவு வெளுத்த வட்டம் ஒன்று நிரந்தரமாக நின்றுவிடுகிறது. அந்த நஷ்டம் பெரும்பாலும் நிலையத்தை நடத்துபவர் தலையிலேயே விழுகிறது. காரின் சொந்தப் பாலிசியை நாடினாலோ, மோட்டார் தொழில் சம்பந்தமான உபயோகத்தை அது விலக்கியிருப்பதால், ராம்ப்பில் ஏற்றும்போது நேர்ந்த மோதலுக்குக்கூடக் காப்பீட்டு நிறுவனம் மறுத்து வழக்காட இடமிருக்கிறது.

மோட்டார் தொழிலுக்கென்றே, வளாகத்துக்குள் நேரும் விபத்துக்கு ஒன்றும், சாலையில் நேர்வதற்கு ஒன்றுமாகத் தனிப் பாலிசிகள் இருக்கின்றன. ஈரத்தரையில் மின்சாரக் கருவியோடு நிற்கும் தொழிலாளிக்கு, சட்டம் விதிக்கும் முதலாளியின் இழப்பீட்டுக் கடமையைத் தாங்கவும் தனிப் பாலிசி உண்டு. ஆகவே குறை, காப்பீடு என்னும் தத்துவத்தில் இல்லை. தொழிலை அறியாமலே பத்திரத்தை விற்பதிலும், விலக்குகளை வாசிக்காமலே கையெழுத்திடுவதிலும்தான் இருக்கிறது. “காருக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று சுவரில் எழுதிவைப்பது இதற்குப் பரிகாரமாகாது. சாவி வாங்கப்படும் கணம் முதல் திருப்பித் தரப்படும் கணம் வரை அங்கே நடப்பதை காப்பீட்டு ஏஜெண்டு ஒருமுறை நின்று பார்த்து, அதன்பின் எழுதும் பத்திரமே அந்தச் சிறு தொழில் நடத்துபவரை மெய்யாகக் காக்கும்.