விடுதி முற்றத்தில் வளர்ந்த மொழி

சில ஆண்டுகளுக்கு முன் காதுகேளாத நண்பர் ஒருவரின் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மண்டபம் நிறைய ஆட்கள், கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கரண்ட் போனது. வேறு கல்யாணமாக இருந்தால் இருட்டில் இரைச்சல் கூடியிருக்கும். அங்கே அத்தனை பேச்சும் ஒரே நொடியில் நின்றது. பிறகு செல்போன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒருவர் விளக்கைப் பிடிக்க, எதிரே இருந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மண்டபத்தைப் பூட்டிய பிறகும் கூட்டம் கலையவில்லை. தெருவிளக்கின் கீழ் நின்று நள்ளிரவு வரை பேசினார்கள். மறுநாள் வீட்டுக்குப் போனால் இப்படிப் பேச அவர்களில் பலருக்கு ஆள் கிடையாது.

காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காதுகேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. மற்ற மொழிகள் தாய்மடியில் வந்து சேரும். சைகை மொழியோ பெரும்பாலோருக்குப் பள்ளியில்தான் வந்து சேர்கிறது. வகுப்பறையில் கிடைக்காவிட்டால் விடுதியில், விளையாட்டுத் திடலில், மூத்த மாணவர்களின் கைகளிலிருந்து கிடைக்கிறது. ஆகவே இந்த மொழியின் வரலாறு பள்ளிகளின் வரலாறாகவே இருக்கிறது. பள்ளி அதை விரட்டினால் அடைக்கலம் கொடுக்க வேறு வீடு இல்லை.

கையும் முகமும்

சைகை மொழி உலகம் முழுவதற்கும் ஒன்று என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே ஆங்கிலத்தைப் பேசினாலும், அவற்றின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று விளங்காதவை. அமெரிக்கச் சைகை மொழிக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சுச் சைகை மொழி. ஆங்கில எழுத்துகளை விரலால் காட்டும்போது அமெரிக்கர் ஒரு கையையும் பிரிட்டிஷார் இரு கைகளையும் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் பரவியிருப்பது இருகை முறை.

ஒரு சைகையின் உறுப்புகள் கைவடிவம், இடம், அசைவு, உள்ளங்கை பார்க்கும் திசை, முகபாவம். 'கடல்' என்பதில் முதல் எழுத்தை மாற்றினால் 'மடல்', 'திடல்' என்று பொருள் மாறுவதைப் போல இங்கும் ஓர் உறுப்பு மாறினால் சொல் மாறும். அமெரிக்கச் சைகை மொழியில் ஒரே கைவடிவத்தை ஒரே அசைவோடு நெற்றியில் காட்டினால் கோடை. மூக்கருகே காட்டினால் அழகின்மை. மோவாயில் காட்டினால் வறட்சி. தமிழில் 'வந்தான்' என்பதோடு 'ஆ' சேர்ந்தால் கேள்வியாகிறது. இந்த மொழியில் அந்த 'ஆ' முகத்தில் இருக்கிறது.

நாட்டியம் பார்த்துப் பழகிய நமக்குக் கை போகும் இடத்துக்குக் கண்ணும் போகும். சைகை மொழியில் தேர்ந்தவர்கள் எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்க்கிறார்கள். கையின் அசைவு பக்கப் பார்வையிலேயே அவர்களுக்குப் படிந்துவிடும். கையை மட்டும் பார்ப்பவர் இன்னும் பாலபாடத்தில் இருக்கிறார் என்று பொருள்.

நல்ல சைகைக்கு வேறு அடையாளங்களும் உண்டு. கதை சொல்லும்போது பாட்டியை இடப்புறமும் பேரனை வலப்புறமும் நிறுத்தினால், கதை முடியும்வரை அவர்கள் இடம் மாறக் கூடாது. கைவடிவம் மழுங்கக் கூடாது. முகம் வெறுமையாக இருந்தால், ஏற்ற இறக்கமில்லாமல் ஒப்பிப்பது போலாகிவிடும்.

பாரிஸ் பள்ளி

1760ஆம் ஆண்டளவில் பாரிஸில் ஷார்ல் மிஷெல் தெ லெப்பே என்ற பாதிரியார் தொடங்கியதே சைகைவழிக் கல்வி மரபின் மூத்த பள்ளி. காதுகேளாத இரட்டைச் சகோதரிகளில் தொடங்கி, ஏழைக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். அவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திய சைகைகளை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு இலக்கணத்துக்கேற்பப் புதுச் சைகைகளையும் சேர்த்தார். அந்த ஒட்டுச் சைகைகள் நிலைக்கவில்லை. மாணவர்கள் தங்களுக்குள் பேசிய மொழியே நிலைத்தது. 1779இல் காதுகேளாத புத்தகம் கட்டுநர் பியர் தெலோஜ், பாரிஸ் நகரத்துக் காதுகேளாதோரின் சைகைகளுக்காக வாதாடி நூலே எழுதினார்.

அந்தப் பள்ளியின் மாணவரும் ஆசிரியருமான லோரான் க்ளேர் 1816இல் தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட் என்ற அமெரிக்கருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 52 நாள் பயணத்தில் க்ளேர் ஆங்கிலம் படித்தார், காலடெட் சைகை படித்தார். 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. க்ளேர் கொண்டுவந்த பிரெஞ்சுச் சைகைகளும் அங்கே வந்த மாணவர்களின் கைகளில் இருந்த உள்ளூர்ச் சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகை மொழி உருவாயிற்று.

மிலான் தீர்மானம்

இன்னொரு மரபு ஜெர்மனியில் வளர்ந்தது. 1778இல் லைப்சிக்கில் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே, வாய்ப்பேச்சையே முதன்மையாக்கினார். உதட்டசைவைப் படித்து, குரலைப் பழக்கிப் பேசவைப்பது இம்முறை. சிலருக்கு இது பலன் தந்ததை மறுக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் இதுவே வழி, மற்றது கூடாது என்றதில்தான் கேடு வந்தது.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு வாய்மொழி முறையே உயர்ந்தது என்று தீர்மானித்தது. பேராளர்கள் 164 பேர். அவர்களில் காதுகேளாதவர் ஜேம்ஸ் டெனிசன் ஒருவரே. அதன்பின் பல நாடுகளில் காதுகேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், வகுப்பில் சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். மொழி விடுதிக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தது. தங்கள் மொழி அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அமெரிக்கக் காதுகேளாதோர் அதைத் திரைப்படச் சுருளில் பதிந்து வைத்தார்கள். 1913இல் ஜார்ஜ் வெடிட்ஸ் தன் சைகையாலேயே ஆற்றிய உரையை இன்றும் பார்க்கலாம். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு மரபினர் மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தனர். இடையில் ஓடியது 130 ஆண்டு.

மொழி என்ற அங்கீகாரம்

வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் வில்லியம் ஸ்டோக்கி. மாணவர்களின் சைகைக்கு முறையான அமைப்பு உண்டு என்று 1960இல் எழுதினார். உடன் பணியாற்றியவர்களே நகைத்தார்கள். 1965இல் காதுகேளாத அறிஞர்கள் டோரதி காஸ்டர்லைன், கார்ல் குரோனபெர்க் இருவருடன் சேர்ந்து அகராதி வெளியிட்டார். 1988 மார்ச்சில், அதற்குள் பல்கலைக்கழகமாகியிருந்த அதே கல்லூரியின் மாணவர்கள் வாயிற்கதவை அடைத்துப் போராடி, கிங் ஜோர்டனை அதன் முதல் காதுகேளாத தலைவராக்கினார்கள்.

நிகராகுவாவின் கதை இன்னும் வியப்பானது. 1970களின் இறுதியிலிருந்து அந்நாட்டில் காதுகேளாத பிள்ளைகள் பெருந்தொகையாகப் பள்ளியில் ஒன்றுசேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவும் ஸ்பானிஷும் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளோ முற்றத்திலும் பள்ளிப் பேருந்திலும் தங்களுக்கென்று ஒரு மொழியை உண்டாக்கினார்கள். பின்னால் வந்த சிறு குழந்தைகளின் கைகளில் அதன் இலக்கணம் செறிவடைந்தது.

நம் நாட்டில்

தமிழ்நாட்டில் இந்தக் கல்விக்குப் பழைய வேர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காதுகேளாதோர் பள்ளியை நிறுவினார். ஆனால் இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் வாய்மொழி முறையையே நெடுங்காலம் பின்பற்றின. இங்கும் மொழியைக் காத்தவை விடுதிகளும் காதுகேளாதோர் சங்கக் கூட்டங்களுமே.

ஊருக்கு ஊர் இந்தியச் சைகைச் சொற்கள் வேறுபடும், இலக்கணம் பெரிதும் ஒன்றே. மீசையைத் தொட்டால் ஆண், மூக்குத்தி இடத்தைத் தொட்டால் பெண் என்று நம் மண்ணின் வழக்கம் சொற்களில் படிந்திருக்கிறது. 2015இல் தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2018இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களானது. 2020 தேசியக் கல்விக் கொள்கை நாடு முழுவதும் இம்மொழியைத் தரப்படுத்தவும், உள்ளூர்ச் சைகைகளை மதிக்கவும் சொல்கிறது.

தரப்படுத்தல் பாடநூலுக்கும் நீதிமன்றத்துக்கும் தேவை. ஆனால் அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை மிலான் நமக்குச் சொல்லிவிட்டது. காதுகேளாதோர் பேசும் சொல்லே தரம். ஒவ்வொரு பள்ளியின் முதல் வகுப்பிலும் ஒரு காதுகேளாத ஆசிரியர் இருக்க வேண்டும். கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைக்கும் சைகை மொழி இடையூறல்ல; கூடுதல் பலம். பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் ஆண்டுகளில் குழந்தை மொழியே இல்லாமல் வளர்ந்துவிடக் கூடாது.

அன்றைய கல்யாணத்துக்கு ஓர் அம்மா தன் ஐந்து வயது மகளை அழைத்து வந்திருந்தார். மகளுக்குக் காது கேட்காது. அவள் அறிந்ததெல்லாம் விரல் நீட்டிக் காட்டுவது மட்டும். இந்தச் சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச்சைகை உண்டு, அதை மற்றவர்கள் பார்த்துச் சூட்டுவார்கள். மணப்பெண்ணின் தோழிகள் அந்தச் சிறுமியின் கன்னக்குழியைத் தொட்டு ஒரு பெயர் வைத்தார்கள். சிறுமி அதை உடனே பிடித்துக்கொண்டாள். தெருவிளக்கின் கீழ் கூட்டம் பேசிக்கொண்டிருக்க, அம்மா தன் கன்னத்தில் விரல் வைத்து, சரியாக வருகிறதா என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டு மகளின் பெயரைப் பழகிக்கொண்டிருந்தார்.