சிகிரியாச் சுவர்ப் பாக்களும் பார்வையாளரும்

சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிற் பொறிக்கப்பட்ட சிங்களப் பாக்களை அழகியல் நோக்கில் மட்டும் போற்றுவது போதுமானதன்று. அவை தோன்றிய சமூகச் சூழலையும் நாம் நோக்குதல் வேண்டும்.

5ஆம் நூற்றாண்டிற் காசியப்பன் எழுப்பிய அரண்மனை, அவன் வீழ்ந்தபின் துறவியர் உறைவிடமாயிற்று. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை அதனைக் காணவந்தோர் தம் உணர்வுகளைச் சுவரிலே கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைச் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். துறவியர், அதிகாரிகள், பெண்கள் எனப் பலதரப்பட்டோர் அவற்றை எழுதினர். அரசனின் தனியுடைமையாக இருந்த இடம் பார்வையாளரின் பொதுமேடையாக மாறியமையே இப்பாக்களின் வரலாற்று முக்கியத்துவம் எனலாம்.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. எழுத்தறிவு பெற்றோரே எழுதினர். ஓவியப் பெண்களின் எழிலையும் மௌனத்தையும் பாடியோர் பலர். பாறையைச் செதுக்கி, செங்கல் சுமந்த உழைப்பாளரோ பெயரற்றே மறைந்தனர்.

1982இல் உலக மரபுரிமைத் தலமாக்கப்பட்ட சிகிரியாவில், இன்றைய பார்வையாளர் நுழைவுச்சீட்டு வாங்கும் நுகர்வோராகியுள்ளார். அன்று கீறியவை மரபுரிமையாயின. 2015இல் அதே சுவரிற் பெயர் கீறிய இளம் பெண்ணொருவருக்கோ ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னரே பொதுமன்னிப்புக் கிடைத்தது.

சுவர் பாதுகாக்கப்படவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் காண்போரை வாய்மூடிக் கடந்துசெல்லுமாறு பணிக்கும் பாதுகாப்பு, மரபுரிமையைச் சந்தைப் பண்டமாகவே எஞ்சவிடும். அப்பாக்களின் பொருளைச் சிங்களத்திலும் தமிழிலும் சாதாரண மக்களுக்கு எட்டச்செய்து, அவர்தம் மறுமொழிக்கும் இடமளிக்கும்போதே சிகிரியா மக்கள் சொத்தாகும்.