கருணாபுரமும் கசிப்பும்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில், பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்ட ஜனங்கள் மாண்ட துயரத்தை நினைக்கும்போதெல்லாம், நம் வைத்தியத்தின் வன்மையும், அது குடிப்பவன் வீட்டு வாசலை எட்டுவதற்குள் காலம் கடந்துவிடும் கொடுமையும் ஒருங்கே மனத்தில் எழுகின்றன. அருகிலுள்ள கல்வராயன் மலையில் வெல்லமும் கடுக்காயும் மரப்பட்டையும் ஊறவைத்துச் சாராயம் காய்ச்சுவது ஒரு விஷயம்; கருணாபுரத்தாரைக் கொன்ற மெத்தனாலோ ஆலைகளின் உபயோகத்துக்கான ரசாயனம். குடித்தவன் வழக்கமான போதையென்று நம்பிப் படுத்துவிடுகிறான். அவன் உறங்குகையில் கல்லீரல் அந்தத் திரவத்தை ஃபார்மிக் அமிலமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. பல மணி நேரம் கழித்து வயிறு வலித்து, வாந்தி கண்டு, பார்வை மங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் புதுவை ஜிப்மரிலும் வைத்தியர்கள் இராப்பகலாகப் பாடுபட்டுப் பலரை மீட்டார்கள். அதன்பின் தமிழக அரசாங்கம் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது.

இலங்கையிலும் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறார்கள். சீனியும் ஈஸ்டும் போதும். ஆயினும் அங்கே 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம், மது விளம்பரத்தைத் தடுத்து, 21 வயது நிரம்பாதவர்க்கு விற்பதை விலக்கி, புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் ஒரு தேசிய அதிகாரசபையையே அமைத்தது. 2011 முதல் நடைபெறும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில், இரத்த அழுத்தம் பார்க்க வருகிறவனிடம் குடியைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். குடி, குற்றமாகக் கருதப்படுவதற்கு முன்பே தேக ஆரோக்கிய விஷயமாகக் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது. இதனை நான் பெரிதாக மதிக்கிறேன். எனினும், கடைச் சாராயத்தின் விலை ஏற ஏற ஏழை கசிப்பை நாடுவதை அந்த ஏற்பாடும் நிறுத்திவிடவில்லை.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி.கே. ஆஸ்பத்திரி, மஞ்சக்குடி கிராமத்தில் முகாமிட்டு, குடிநோயாளிகளுக்கு அவர்கள் ஊர்ப்புறத்திலேயே, குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை அளித்தது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலோ, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு ஒரு பெண் ஊழியர் வீடு தேடியே வருகிறார். அவர் கருணாபுரத்திலும் கல்வராயன் மலையின் வெள்ளிமலைச் சிற்றூர்களிலும் மாத்திரையைக் கொடுத்த கையோடு, “தினமும் குடிக்கிறீர்களா, அண்ணா? விட்டால் கை நடுங்குகிறதா?” என்று கேட்க வேண்டும். நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரக்கூடும் என்பதால், அவனைக் கிடத்திக் கவனிக்கப் படுக்கையும் மருந்தும் மலையடிவாரத்துக்கு இறங்காமலே, மேலேயுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கும்படி செய்ய வேண்டும்.