டோரதியை ஏன் கொல்ல வேண்டும்?

டேனியல் பெய்ஜின் 'டோரதி மஸ்ட் டை' (2014) நாவலைக் கையிலெடுத்தது தலைப்புக்காகத்தான். குழந்தைக் கதையின் நாயகியைக் கொல்லணும்னு அட்டையிலேயே அறிவிக்கிற புத்தகத்தை எப்படித் தாண்டிப்போவது?

ஏமி கம், கான்சாஸில் ட்ரெய்லர் வீட்டில் வாழும் பள்ளி மாணவி. அம்மா வலி மாத்திரைகளுக்கு அடிமை. ஒரு சூறாவளி அவளை ட்ரெய்லரோடு தூக்கி ஓஸ் நாட்டில் போடுகிறது. அங்கே ஆட்சி டோரதியின் கையில். நாட்டின் மந்திரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். தகர மனிதன் படைத் தளபதி, வைக்கோல் பொம்மை உயிர்களை அறுத்து ஆராய்ச்சி செய்பவன், சிங்கம் மற்றவர்களின் பயத்தைத் தின்று வளர்வது. ஏமியைப் பயிற்றுவிப்பவர்கள் சூனியக்காரிகள். இதயம், மூளை, தைரியம் மூன்றையும் பறித்தபின் டோரதியைக் கொல்ல வேண்டும்.

'இருண்ட மறுபுனைவு' என்றாலே பழைய கதைமேல் ரத்தம் தெளிப்பது என்று ஆகிவிட்டது. ஆனால் மூலத்திலேயே ரத்தம் உண்டு. எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய முன்னுரையில் கொடுங்கனவுகளைத் தவிர்த்த கதை இது என்கிறார். உள்ளே போனால் தகர மனிதன் 40 ஓநாய்களின் தலையை வெட்டுகிறான், பொம்மை 40 காகங்களின் கழுத்தைத் திருகுகிறது. பாம் அங்கே நிற்பதே இல்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த நிதானம்தான் பெய்ஜின் அறுவைக் காட்சிகளைவிடப் பயமாக இருக்கிறது.

ஆனாலும் பெய்ஜ் ஒரு சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பாமின் ஆறாவது ஓஸ் புத்தகத்தில் (1910) மாமாவின் பண்ணை கடனில் மூழ்க, டோரதி ஓஸுக்கே நிரந்தரமாகப் போய்விடுகிறாள். கேட்டதெல்லாம் கிடைக்கிற ஊரில், திரும்பிப் போகவே வேண்டாம் என்றால் ஒரு பெண் என்னவாக ஆவாள்? நாவலின் உண்மையான கேள்வி இது. சோகம் என்னவென்றால், டோரதியின் சரிவை அவர் 'நோ ப்ளேஸ் லைக் ஓஸ்' என்ற தனிக் குறுநாவலில் ஒதுக்கிவிட்டார். பிரதான நாவலில் டோரதி வரும்போதே அரக்கி. அரக்கியைக் கொல்வதில் என்ன தயக்கம் இருக்க முடியும்?

வீட்டை விட்டு எங்கேயாவது ஓடினால் போதும்னு நான் இருந்த வயதில்தான் 1939 திரைப்படத்தைப் பார்த்தேன். கடைசியில் டோரதி வீட்டுக்கே திரும்பியது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஏமியின் கோபம் அதனால் எனக்குப் பரிச்சயமானது. திரும்ப அழைக்க வீடே இல்லாத பெண், வீட்டைப் பற்றிய கதைக்குள் விழுகிறாள். அந்தப் பகுதிகளில் பெய்ஜ் மிகையில்லாமல் எழுதுகிறார்.

நாவலின் ஆகச் சிறந்த கற்பனை குரங்குகள்தான். பாமிடம் பறக்கும் குரங்குகள் தங்கத் தொப்பி வைத்திருப்பவருக்கு அடிமைகள். பெய்ஜிடம் சில குரங்குகள் விடுதலைக்காகத் தங்கள் சிறகுகளையே வெட்டிக்கொள்கின்றன. அடிமைத்தனம் ஒட்டிக்கொண்டிருப்பது உடம்பின் ஆக அழகான உறுப்பில்! ஏமியின் நீண்ட பயிற்சி அத்தியாயங்களைச் சுருக்கி, இந்தக் குரங்குகளோடு இன்னும் நூறு பக்கம் இருந்திருக்கலாம்.

தலைப்பு தரும் வாக்கும் முதல் புத்தகத்தில் நிறைவேறவில்லை. மொத்தம் நான்கு நாவல்கள், கடைசி 2017இல். வாசிக்கப்போகிறவர்கள் முதலில் அந்தக் குறுநாவலை வாசியுங்கள். டோரதி தன் வாயால் சொல்கிற கதை அது. அதற்குப் பிறகு ஏமி கத்தியை எடுக்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் கை நடுங்கும்.