விருந்துக்குப் போகிற ஜோடியும் ஊரைவிட்டுப் போன ஜோடியும்

கல்யாணம் முடிந்த கையோடு புதுமணத் தம்பதி உறவுக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போய்வருவதை நம்முடைய பொதுப்புத்தி ஓர் இனிய சடங்காகவே கண்டு வந்திருக்கிறது. எனக்கு அது ஆஜர் எடுக்கிற வேலையாகத் தெரிகிறது. முதல் விருந்து தாய்மாமன் வீட்டிலா பெரியப்பா வீட்டிலா, யார் புதுத்துணி எடுத்துக் கொடுத்தார்கள், யார் வெறும் சாப்பாட்டோடு அனுப்பி வைத்தார்கள், யார் வீட்டை வேண்டுமென்றே விட்டார்கள் என்று எல்லாம் கணக்கில் ஏறுகிறது. 'மொதல்ல எங்க வீட்டுக்கு வரலேன்னா அப்புறம் வரவே வேணாம்' என்று அத்தை முறுக்கிக்கொள்வதை வெறும் அன்பின் உரிமையாக மட்டும் வாசித்துவிட முடியாது. மறுவீடு, தலை ஆடி, தலை தீபாவளி என்று அந்த ஜோடி பஸ் ஏறி இறங்குகிற ஊர்களை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தச் சாதியின் கொண்டான் கொடுத்தான் வரைபடம் கிடைத்துவிடும்.

இந்த வரைபடத்துக்குள் வராத ஜோடி எங்கே போய்த் தங்கும்? நம்முடைய விமர்சனம் பெரிதாகக் கேட்டிராத கேள்வி இது. காதலின் துணிச்சலைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறோம். கதவைத் திறந்துவிட்டவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

'விருந்து' என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் வனப்பு எட்டில் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது புதிதாகப் புனைவதையே குறிக்கிறது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் புதியவருக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். இன்றைக்கு விருந்து என்பது ஏற்கெனவே தெரிந்தவனுக்கு, நம்மவன் என்று உறுதியானவனுக்கு இலை போடுவதாகச் சுருங்கியிருக்கிறது. ஒரு சொல்லின் இந்தச் சரிவுக்குள் ஒரு சமூக வரலாறு கிடக்கிறது.

உடன்போக்கைப் பாடிய சங்க அகமரபில் ஜோடி பாலைவழியில் நடந்துகொண்டே இருக்கிறது. செவிலி தேடிப் போகிறாள், எதிரே வருகிறவர்களை விசாரிக்கிறாள். அந்த மரபிலேயே ஒரு சிறு இடம் உண்டு. வழியில் கண்டோர், பொழுது சாய்ந்துவிட்டது, எங்கள் ஊர் பக்கந்தான், தங்கிப் போங்கள் என்று ஜோடியைத் தடுத்து நிறுத்துவார்கள். யார் மகள், எந்தக் குடி என்று விசாரித்த பிறகு வருகிற அழைப்பல்ல அது. உரைகள் தலைவன் தலைவியைப் பேசிய அளவுக்கு இந்தக் கண்டோரைப் பேசவில்லை.

சிலப்பதிகாரத்தை இந்தக் கோணத்திலிருந்து திரும்ப வாசிக்கலாம். கோவலனும் கண்ணகியும் முறைப்படி மணந்தவர்கள்தான். இருந்தாலும் யாரிடமும் சொல்லாமல் இரவோடு புறப்பட்ட பிறகு அவர்கள் உறவு வழியிலே விசாரணைக்கு உள்ளாகிறது. சோலையில் எதிர்ப்பட்ட இருவர் இவர்கள் யார் என்று கேட்க, என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் எகத்தாளம் பேசுகிறார்கள். உறவுமுறையைச் சொல்லாமல் ஒரு ஆணும் பெண்ணும் நம் சாலையில் நடக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் வேண்டியதில்லை.

மதுரைப் புறஞ்சேரியில் நடப்பது இன்னும் முக்கியம். இவன் தந்தை பெயரைக் கேட்டால் இந்நகரத்துக் குலத்தார் அரும்பொருள் கிடைத்ததுபோல் விருந்து எதிர்கொண்டு தங்கள் காவல் மிக்க மனைகளில் வைத்துக்கொள்வார்கள், அதுவரை இவளை உன்னிடம் அடைக்கலமாகத் தருகிறேன் என்று ஆயர்மகள் மாதரியிடம் சொல்கிறார் கவுந்தி. பிரதியே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துவிடுகிறது. குலத்தார் தருவது விருந்து, அதற்குத் தகப்பன் பெயர் வேண்டும். மாதரி தருவது அடைக்கலம், அதற்கு ஒன்றும் வேண்டாம். தனி மனை ஒன்றைக் கொடுத்து, மகள் ஐயையைத் துணைக்கு வைத்து, சாலி அரிசியும் பாலும் மாதுளையும் மாங்கனியும் வாழைப்பழமும் தந்து, சமைக்கப் புதுக் கலமும் தருகிறாள். சமைத்த சோறு தரவில்லையே என்று ஒருவர் கேட்கலாம். சாவக நோன்பு காரணம் என்கிறது பிரதி. அதற்குப் பின்னால் வணிகர் ஆயர் கோடும் இருக்கிறதா என்ற கேள்வி திறந்தே இருக்கட்டும்.

இதற்கு மாதரி கொடுத்த விலை என்ன? அடைக்கலத்தை இழந்தேன் என்று தன் இனத்தாரிடம் அரற்றிவிட்டு நள்ளிரவில் தீயில் புகுந்தாள். நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்லும் செய்திகளுக்கு நடுவே இது ஒரு செய்தியாக வந்து போகிறது. கண்ணகிக்கு இமயத்திலிருந்து கல் வந்தது. மாதரிக்குக் கல் இல்லை.

காவியத்தை விட்டு இறங்குவோம். 2003இல் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன், கண்ணகி கதை. அவர் தலித், அவர் மனைவி வன்னியர். கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பின் கண்ணகியை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் பாதுகாப்பில் வைத்திருந்தார்கள். துரத்தியவர்கள் அந்த வீட்டையும் விடவில்லை. அங்கிருந்து கொண்டுவந்து இருவரையும் விஷம் புகட்டிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பு சொன்னது. 2025இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 22 வருஷம். தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறை அதிகாரிகளும் உண்டு.

தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. இளவரசன், திவ்யா திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. கல்யாணம் செய்தவர்கள் ரெண்டே பேர், தீ வைத்தது மூன்று ஊருக்கு. ஜோடியைத் தாங்கக்கூடிய கூரைகளை அழித்தால் ஜோடி தானாகவே அழியும் என்று சாதிக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த ஜூலையில் இளவரசன் தண்டவாளம் அருகே பிணமாகக் கிடந்தார். அவருக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) நாவலில் குமரேசனும் சரோஜாவும் பஸ்ஸைவிட்டு இறங்கிய நேரத்திலிருந்து ஊர் விடாமல் கேட்பது பெண் என்ன சாதி என்பதைத்தான். மாமியார் வீட்டுக்கு வந்த மருமகளுக்கு அந்த ஊரில் ஒரு மாதரி இல்லை. நாவலின் கொடூரம் கடைசித் தீயில் தொடங்கவில்லை, இந்த இன்மையிலேயே தொடங்கிவிடுகிறது.

இப்போது நம் பக்கம் வரலாம். நண்பர்கள் கோபிக்கக்கூடும், பரவாயில்லை. சாதி மறுப்பு மணங்களை மேடை போட்டு நடத்துகிறோம். உரை வீச்சு முடிந்ததும் 'பத்திரமா இருங்க தோழர்' என்று கைகுலுக்கிப் பஸ் ஏற்றி விட்டுவிடுகிறோம். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. உறவுக்காரர் விருந்து எங்களுக்கு இல்லை, நண்பர்கள் வீடுகள்தான். ஒரு வீட்டில் நண்பரின் அம்மா என் துணைவியாரிடம் 'எந்த ஊரும்மா?' என்றார். அப்புறம் 'அப்பா பேரு?'. மூன்றாவதாக 'அங்க எந்தத் தெரு?'. நண்பர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். மறுநாள் கிளம்பிவிட்டோம். அடுத்த ஊரில் தையல் தைத்துப் பிழைத்த ஒரு அக்கா, இருந்த ஒற்றை அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி 'ராத்திரிக்கு இட்லியா தோசையா?' அந்த மூணு வாரமும் குழாயடியில் அவரிடம் யாரும் பேசவில்லை, தைக்க வந்த துணியும் குறைந்துபோனது என்பது பல மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் எந்த இயக்கத்திலும் இல்லை, எந்தப் பத்திரிகையும் படித்ததில்லை.

அரசு இருக்கிறதே என்பார்கள். 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்கள் பற்றியும் சிறப்புப் பிரிவுகள் பற்றியும் வழிகாட்டுதல்கள் தந்தது. ஒரு மாதம் தங்கலாம், தேவைப்பட்டால் மாதாமாதம் நீட்டலாம், அதிகபட்சம் ஒரு வருஷம். அதைச் செயல்படுத்தச் சொல்லி மல்லுக்கட்டத்தான் வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் ஒரு ஜோடிக்குத் தேவை உயிர்ப் பாதுகாப்பு மட்டுமல்ல. போய்வர வீடுகள் வேண்டும். பிள்ளை பிறந்தால் பார்க்க வரவும், சண்டை வந்தால் சமாதானம் பேசவும், தீபாவளிக்குக் கூப்பிடவும் ஆள் வேண்டும். காப்பகம் இதையெல்லாம் செய்யாது. சாதி இவ்வளவையும் செய்து கொடுக்கிறது, அதன் பலமே அங்கேதான் இருக்கிறது. அதை எதிர்ப்பவர்கள் கொள்கையை மட்டும் கொடுத்தால் எப்படி?

ஆகவே விவாதத்தை ஜோடியிடமிருந்து விருந்தளிப்பவரை நோக்கித் திருப்ப வேண்டும் என்கிறேன். மாதரிகளின் கதையை எழுதுகிறவர்கள் எழுதட்டும். அதற்கு முன்னால் நம் வீடுகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஊரைவிட்டு வந்த ஒரு ஜோடி ஒரு மாதம் தங்க முடியும்? அந்த மூன்றாவது கேள்வி யார் வாயிலிருந்தும் வராமல்?