திணையும் பட்டாவும்

நிலம் மனிதனை ஆக்குகிறது என்பதைத் தமிழன் நேற்றுக் கற்கவில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. உணவு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவை அவற்றின் வழிவரும் கருப்பொருள் என்றது. தெய்வத்தையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்து எண்ணிவிட்டது! பகுத்தறிவாளர் மகிழத்தக்க வரிசைதான்.

ஆயினும் அந்த நெறியைப் பிற்காலத்தார் கையாண்ட முறை ஆராயத்தக்கது. பி.டி. சீனிவாச அய்யங்கார் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில், ஐந்திணையை மனித வளர்ச்சியின் படிகளாகக் கண்டார்: குன்றில் வேட்டுவன், காட்டில் ஆயன், வயலில் உழவன். 1974இல் கா. சிவத்தம்பி, ஒரே காலத்தில் வெவ்வேறு நிலங்கள் வெவ்வேறு நிலையில் நின்றன, வளர்ச்சி சமனற்றது என்று காட்டினார். இது மெய்க்கு நெருங்கியது. ஆனால் இவற்றை மேலோட்டமாகப் படித்தவர் கூறுவதென்ன? "காட்டு மக்கள், காடு போயிற்று, பிழைப்பும் போயிற்று!" பழி இயற்கையின் தலையில். எளிய தீர்ப்பு, ஏமாற்றுத் தீர்ப்பு.

தாம்பரத்திலிருந்து தெற்கே செங்கற்பட்டு நோக்கிச் செல்லுங்கள், தோழர்களே. புதர்க்காட்டையும் வயல்வரப்பையும் ஏரிக்கரையையும் நம்பி வாழ்ந்த இருளர் அங்கே உளர். வளைவாயில் தடம் பார்த்து, உள்ளிருப்பது எலியா பாம்பா என்றறிந்து, கடப்பாரையால் தோண்டுவர். எலிவளையில் எலியோடு அது சேர்த்த நெல்லும் கிட்டும். பாம்பின் தோல் வணிகரிடம் போயிற்று. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வாணிகம் முடிந்தது. சட்டம் வேண்டியதே, இல்லையேல் பாம்பினம் மிஞ்சியிராது. ஆனால் முதல் போட்டவனுக்கு வேறு வாணிகம் உண்டு, தோண்டியவனுக்கு? மண் மாறவில்லை, பாம்பு மாறவில்லை, திறமும் மாறவில்லை. மாறியது அரசின் ஆணை.

1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, சில வாரங்களில் அவற்றை மீண்டும் காட்டில் விடுகின்றனர். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இவர்கள் தந்தது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை முடிவு செய்வது மழையுமன்று, மண்ணுமன்று. அரசின் அனுமதிச் சீட்டு!

'இது மண்ணோடு ஒட்டிய இயல்பறிவு' என்று வியப்போரும் உண்டு. 2017இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். முன்பின் கண்டிராத சதுப்பு நிலம்; அங்கே பெருகி அந்நாட்டு விலங்குகளை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்பு. இரண்டே வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். இயல்பறிவு கடல் கடக்குமா? தடம் பார்த்து, ஊகித்து, சோதித்துத் தேறிய அறிவு கடக்கும். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது, தகும்.

தொல்காப்பியரின் கருப்பொருளில் பட்டா இல்லை. பாட்டின் இலக்கணம் அது. குறை கூறுவது முறையன்று. இன்றைய திணை ஆராய்ச்சியிலும் அது இல்லாதிருப்பதே குறை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை எவர் கையில் கொடுத்தது? ஏரிப்புறம் எவர் பெயரில் வீட்டுமனையாயிற்று? 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்க வேண்டி வந்ததே, அது எந்தத் திணையின் ஒழுக்கம்?