இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று

வஹ்ராம் முராதியான் வரைந்த ‘பாரிஸ் வெர்சஸ் நியூயார்க்’ புத்தகத்தை அவசரமில்லாமல் புரட்ட வேண்டும். இடப்பக்கம் பாரிஸ், வலப்பக்கம் நியூயார்க். ஒருபுறம் பிரெஞ்சு, மறுபுறம் ஆங்கிலம். எழுத்து ஓரிரு சொற்களோடு நின்றுவிடும். மக்கரோனுக்கு எதிரே கப்கேக். எஸ்பிரெஸோவுக்கு எதிரே அமெரிக்கானோ. நோத்ரதாம் கூனன் குவாசிமோடோவுக்கு எதிரே கிங் காங். தட்டையாகப் பூசிய வண்ணம், கத்தரித்ததுபோல் கூரான விளிம்பு, சுற்றிலும் தாராளமான வெற்றிடம். கோடுகளைக் குறைத்துக்கொண்டே போய், இதற்கு மேல் எடுக்க முடியாது என்ற இடத்தில் நின்றிருக்கிறது அந்தக் கை. அந்தப் பொறுமைதான் என்னைக் கட்டிப்போடுகிறது. எந்த ஊர் உசத்தி என்ற தீர்ப்பு எங்கும் இல்லை. இரண்டையும் நேசிக்கிற கண் மட்டும் இருக்கிறது.

புத்தகத்தை மூடி வைத்த பிறகும் அந்தக் கண் நம்மோடு கோல சிலாங்கூர் வரை வருகிறது. தஞ்சோங் காராங் வயலின் இளம்பச்சை இடப்பக்கம். ஈஜோக் செம்பனையின் கரும்பச்சை வலப்பக்கம். குனிந்த நெற்கதிருக்கு எதிரே முள்ளும் செம்மையுமாய்ப் பழக்குலை. அறுவடை இயந்திரத்தின் உறுமலுக்கு எதிரே, நீளக்கழி அரிவாள் மட்டையை அறுக்கும் சரக்கென்ற ஓசை. புக்கிட் மலாவாத்தி குரங்கின் வெள்ளிச் சாம்பல் ரோமத்துக்கு எதிரே, கம்போங் குவாந்தான் மின்மினியின் ஒளிப்புள்ளி. கோல சிலாங்கூர்ப் பிள்ளைகள் மலாயும் தமிழும் எதிரெதிரே எழுதி இப்படியொரு புத்தகம் வரைய வேண்டும். வண்ணங்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை.